நிறம் எங்கே இருக்கிறது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலருக்காகச் சிறிது சீர்செய்து எழுதப்பட்டது.)



போன மாதம் சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, இருபது நிமிஷம் பேசணும். ரொம்பக் கனமா வேண்டாம், லைட்டா ஏதாச்சும் பேசு" என்றார். பெரியவர் சொல்லைத் தட்டக்கூடாது. ஆகவே லைட்டைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் இங்கே ஜவுளித் தொழில்நுட்பம் படித்து 2009-இல் வெளியே போனவன். அன்றிலிருந்து திருப்பூரில்தான் பிழைப்பு. சாயப் பிரிவில், நிறம் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை. எங்கள் ஆய்வகத்தில் லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. உள்ளே முழுக்கச் சாம்பல் பூச்சு. ஒரு சுவிட்சைத் தட்டினால் பகல் வெளிச்சம் போல ஒரு விளக்கு எரியும். அதற்கு டி 65 என்று பெயர். அடுத்ததைத் தட்டினால் ஐரோப்பியக் கடைகளில் மாட்டியிருந்த டியூப் லைட் மாதிரி ஒன்று, டிஎல் 84. இன்னொன்று பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம். திருப்பூரில் வாங்கும் துணி எதுவும் இந்தப் பெட்டிக்குள் தலைகாட்டாமல் கப்பல் ஏறாது.

இந்தப் பெட்டி செய்யும் வேடிக்கையைச் சொல்கிறேன். நேவி புளூ பனியன் ஒன்று. உடம்புத் துணி ஒரு லாட், கழுத்துக்கு வைத்த ரிப் வேறு லாட். பகல் விளக்கில் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல இருக்கும். டிஎல் 84-ஐப் போட்டதும் ரிப் மட்டும் தனியாகத் தெரியும். "ரெட்டிஷ் அடிக்குது" என்போம் எங்கள் பாஷையில். ஒரே மாதிரித் தெரிந்த இரண்டு துணியும் வேறு வேறு சாயக் கலவையில் முக்கியவை. ஒரு விளக்கில் ஒத்துப்போகும், இன்னொன்றில் காலை வாரும். மெட்டாமெரிசம் என்று நம் பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அந்த அரைப் பக்கத்தால் திரும்பி வந்த சரக்கு கொஞ்சநஞ்சமல்ல.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளை முதல் நாள் இந்தப் பெட்டி முன்னால் நிறுத்துவேன்.

"இது என்ன கலர்?"

"நேவி சார்."

விளக்கை மாற்றுவேன். "இப்போ?"

"நேவிதான் சார்... கொஞ்சம் ரெட்டிஷ் அடிக்குது."

"அப்போ இந்தத் துணியோட நெஜமான கலர் எது?"

பெரும்பாலும் பதில் வராது. சிலர், "பகல்ல தெரியறதுதான் சார் நெஜம்" என்பார்கள். ஏன் என்றால் மௌனம். இவர்கள் யாரும் மக்குகள் அல்ல. வானவில்லின் ஏழு நிறங்களை விப்ஜியார் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். எந்த நிறத்துக்கு எத்தனை நானோமீட்டர் என்பதும் மனப்பாடம். ஆனால் நிறம் துணியில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு பொருள் என்ற எண்ணம் அவர்கள் மனதில் ஆணி அடித்தாற்போல் இருக்கிறது. விளக்கு, துணி, கண் என்று மூன்றும் சேர்ந்தால்தான் நிறம் என்பதை இருபத்திரண்டு வயதில் சொல்லிப் புரியவைக்கப் படாத பாடு பட வேண்டியிருக்கிறது. ஐந்து வயதில் அந்த ஆணி இல்லை. இதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

இது எனக்கு உறைத்தது ஆய்வகத்தில் அல்ல, வாசலில். 2019 டிசம்பர் 26 வளையச் சூரிய கிரகணம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கோவை, திருப்பூர், கரூர், திருச்சி எல்லாம் அந்தப் பாதையில் இருந்தன. காலை ஒன்பதரை வாக்கில் எங்கள் தெருவில் ஈ காக்கை இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் டிவியில் கிரகணம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! வாசலில் ஒரு புங்கமரம். அதன் நிழலில் வெயில் பொட்டுப் பொட்டாக விழும் அல்லவா, இலைச் சந்து கோணல்மாணலாக இருந்தாலும் பொட்டு மட்டும் வட்டமாகவே விழும். ஏனென்றால் ஒவ்வொரு பொட்டும் சூரியனின் படம். அன்றைக்கு அத்தனை பொட்டும் வளையங்களாக மாறிவிட்டன. காம்பவுண்டுச் சுவர் முழுக்க நூற்றுக்கணக்கில் வளையம். என் மகளுக்கு அப்போது நாலு வயது. "அப்பா, வளையலு! வளையலு!" என்று சுவரிலிருந்து அவற்றைப் பொறுக்கப் போனாள். கையில் விழுந்தது, பிடிக்க முடியவில்லை. சமையலறைக்கு ஓடிப் பூந்திக் கரண்டியை எடுத்து வந்து கொடுத்தேன். கரண்டியில் எத்தனை ஓட்டையோ அத்தனை வளையல் தரையில். சூரியனை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்காமல், முதுகைக் காட்டி நின்றே முழுக் கிரகணத்தையும் பார்த்து முடித்தோம். (தவறவிட்டவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: 2031 மே 21 அன்று மதுரைப் பக்கம் மறுபடி வளையக் கிரகணம். பூந்திக் கரண்டி இப்போதே வாங்கிவிடலாம்.)

மறுநாள் சூரியன் சரியாகிவிட்டது. அவள் கரண்டியை விடவில்லை. "வளையலு எங்கப்பா போச்சு? இன்னைக்கு ஏன் பொட்டா விழுது?" என்று ஒரு வாரம் துளைத்தாள். ஓட்டை அதே ஓட்டை, கரண்டி அதே கரண்டி. அப்படியானால் மாறியது மேலே இருப்பது. இதை அவளே சொன்னாள், அவள் பாஷையில்: "சாமி மாறிருச்சு." எங்கள் வீட்டில் சூரியனுக்குச் சாமி என்றுதான் பெயர்.

அதன் பிறகு தெருப் பிள்ளைகள், பிறகு கம்பெனிக் குடியிருப்புப் பிள்ளைகள், அங்கிருந்து ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்று இது வளர்ந்தது. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை அம்மா ஓர் அறையைக் கொடுத்தார். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மதியம், ஐந்து முதல் எட்டு வயது வரை உள்ள பிள்ளைகள் இருபது இருபத்தைந்து பேர். என் கையில் ஒரு தகரப் பெட்டி. மூன்று கலர் ஜீரோ வாட் பல்பு, ஒரு டார்ச், ஓரங்களுக்கு டேப் ஒட்டிய முகம் பார்க்கும் கண்ணாடி நாலு, கெட்டுப்போன சி.டி.க்கள், பம்பரம், கலர் கண்ணாடித் தாள், கம்பெனியில் மிஞ்சிய துணி பிட்டுகள், மஞ்சள் தூள், சுண்ணாம்பு, சோப்புத் தண்ணீர். மொத்தச் செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள். லேசர் விளக்கு மட்டும் பெட்டிக்குள் வரவே கூடாது. கடைத்தெருவில் அதைப் பொம்மை மாதிரி விற்கிறார்கள். குழந்தையின் கண்ணுக்கு அது ஊசி.

முதல் சனிக்கிழமை அறையை இருட்டாக்கினோம். ஜன்னல்களில் கறுப்புச் சார்ட், ஒரு சார்ட்டில் மட்டும் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை, எதிரே ஒரு வெள்ளை வேட்டி. கண் பழக இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷம்தான் கஷ்டம். ஒருவன் அழுவான், ஒருத்தி கிள்ளிவிட்டாள் என்று புகார் வரும். அப்புறம் வேட்டியில் ரோடு தெரிய ஆரம்பிக்கும். கலரில். தலைகீழாக. ஒரு மினி பஸ் கூரை கீழே, சக்கரம் மேலே என்று ஊர்ந்து போயிற்று.

"சார், டிவி ஓடுது!"

"டிவிக்கு வயரு எங்கடா?"

தேடினார்கள். வேட்டிக்குப் பின்னால் பார்த்தார்கள், என் பையைக்கூடச் சோதனை போட்டார்கள். ஒருத்திக்குச் சந்தேகம் தட்டி ஓட்டையைக் கையால் பொத்தினாள். படம் போயிற்று. கையை எடுத்தாள், வந்தது. அதற்கு மேல் நான் பேச வேண்டிய அவசியமே இல்லை. "நான் வெளிய போயி ஆடறேன், நீங்க பாருங்க" என்று ஒருவன் ஓடினான். அவன் வெளியே வலப்பக்கம் நடந்தால் உள்ளே இடப்பக்கம் போனான். கையைத் தூக்கினால் கை கீழே இறங்கியது. ஒரு மணி நேரம் முறை வைத்து வெளியே போய் ஆடினார்கள். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்ற வாக்கியம் அன்று அந்த அறையில் யாராலும் உச்சரிக்கப்படவில்லை. அது பின்னால் பாடத்தில் வரும்போது, "அட, நம்ம வேட்டி" என்று அவர்களுக்குத் தோன்றினால் போதும் என்பது என் கணக்கு.

அடுத்தது கலர் நிழல். இதை நம் கல்லூரிக்காரர்களும் செய்து பார்க்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பல்பை ஒரு சாண் இடைவெளியில் ஒரே பலகையில் மாட்டி வெள்ளைச் சுவரைப் பார்த்து வையுங்கள். சுவர் ஏறக்குறைய வெள்ளையாகத் தெரியும். சுத்த வெள்ளை வராது, கொஞ்சம் ரோஸ் அடிக்கும், பரவாயில்லை. இப்போது கையை நீட்டினால் மூன்று நிழல். ஒன்றுகூடக் கறுப்பு இல்லை. ஒன்று மஞ்சள், ஒன்று வாடாமல்லி, ஒன்று ராமர் பச்சைக்கும் ஆகாச நீலத்துக்கும் நடுவில் ஒரு நிறம். அறையே கத்தும். ஒரு பெண் குழந்தை பலகையைச் சுற்றி வந்து பல்புகளை எண்ணிவிட்டு இடுப்பில் கை வைத்துக் கேட்டது: "மஞ்ச பல்பே இல்லியே சார், மஞ்ச எங்கிருந்து வந்துச்சு?"

ஐயா, முதுகலைத் தேர்வில் கேட்க வேண்டிய கேள்வி இது. நீல பல்பைக் கை மறைக்கும் இடத்தில் சிவப்பும் பச்சையும் மட்டும் மிஞ்சுகின்றன. அங்கே மஞ்சள் வெளிச்சம் என்று தனியாக எதுவும் இல்லை. நம் கண்ணில் நிறம் பார்க்கும் செல்கள் மூன்று வகை. சிவப்பும் பச்சையும் சேர்ந்து அவற்றைத் தூண்டுகிற விகிதத்தில் தூண்டினால் மூளை அதற்கு மஞ்சள் என்று பெயர் வைத்துக்கொள்கிறது. செல்போன் திரையிலும் மஞ்சள் விளக்கு கிடையாது. திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துச் சொட்டுக்குள் உற்றுப் பாருங்கள், சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள்தான் இருக்கும். அந்தக் குழந்தையிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. "நீயே ஒவ்வொரு பல்பா நிறுத்திப் பாரு கண்ணு" என்றேன். பார்த்தது. நீலத்தை அணைத்ததும் சுவர் முழுவதும் மஞ்சளானது. "நெழலு இப்ப செவுரு முழுக்க ஆயிடுச்சு" என்றது. இதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

அந்த அறையில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு சிறுமியும் உண்டு. அப்பா தையல் மெஷினில், அம்மா செக்கிங்கில். பள்ளியில் சேர்ந்து இரண்டு மாதமாக வாய் திறக்கவில்லை என்றார் டீச்சர். அன்று அவள் தன் கைநிழலைச் சுவரில் பறவை போல ஆட்டி, மஞ்சள் பறவையைக் காட்டி, "ஹளதியா" என்றாள். பக்கத்தில் இருந்தவன் "ஏதியா?" என்றான். "ஹளதியா, ஹளதியா." அரை நிமிஷத்தில் அறை முழுக்க ஹளதியா. அடுத்த முறை மஞ்சள் தூளைக் கரைத்தபோது அவளுக்கு இன்னும் குஷி. ஒடியாவில் மஞ்சள் கிழங்குக்கு ஹளதி, நிறத்துக்கு ஹளதியா. நமக்கும் கிழங்குதானே நிறத்துக்குப் பெயர் கொடுத்தது! அதில் சுண்ணாம்பு விழுந்ததும் ஆரத்தித் தண்ணீராகச் சிவந்தது, எலுமிச்சை பிழிந்ததும் மறுபடி மஞ்சளாயிற்று. ஆரத்தி தெரியாத வீட்டுப் பிள்ளையும் தெரிந்த வீட்டுப் பிள்ளையும் சமமாக வாயைப் பிளந்தார்கள்.

இங்கே ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், கோபிக்கக் கூடாது, ஒன்று சொல்ல வேண்டும். பம்பர விஷயம். ஏழு நிறம் பூசிய அட்டையைப் பம்பரத்தில் செருகிச் சுற்றினால் வெள்ளையாகத் தெரியும் என்று பாடம். சுற்றினோம். பிள்ளைகள் பார்த்துவிட்டு, "சிமிட்டிக் கலரு சார்" என்றார்கள். அக்கா புத்தகத்தில் ஏற்கெனவே படித்திருந்த ஒருவன் மட்டும் பம்பரத்தைப் பார்க்காமலே, "வெள்ளை சார்" என்றான். யார் சொன்னது சரி? சிமெண்ட்தான் சரி. அட்டையில் பூசிய ஒவ்வொரு பெயிண்டும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. எல்லா மிச்சமும் சேர்ந்தால் சாம்பல் வரும், பால் வெள்ளை வராது. கண்ணால் பார்த்ததைச் சொன்ன குழந்தைக்குத் தப்பு என்று பேனா போட்டுவிட்டு, பார்க்காமல் சொன்னவனுக்குச் சரி போட்டால், அடுத்த முறையிலிருந்து எல்லோருமே பார்க்காமல் சொல்லப் பழகிவிடுவார்கள். என் பெட்டி முன்னால் வந்து நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் அப்படிப் பழகியவர்கள்.

ஏழு என்ற எண்ணும் அப்படித்தான். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, முகக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, வெயிலை விட்டத்துக்குத் திருப்பினால் வானவில் விழும். எண்ணச் சொன்னால் ஒருத்தி நாலு என்பாள், ஒருவன் ஒன்பது என்பான், ஒருத்தி "எண்ணவே முடியல சார், ஒன்னுக்குள்ள ஒன்னு போயிருது" என்பாள். நியூட்டனே முதலில் ஐந்துதான் சொன்னார். ஆரஞ்சையும் கருநீலத்தையும் பிறகு சேர்த்து, இசையின் ஏழு சுரத்துக்கு ஈடாக ஏழாக்கினார். ஆகவே நாலு என்று சொன்னவளை நான் திருத்துவதில்லை.

பால் ஒரு சொட்டு விட்ட தண்ணீர் டம்ளரில் டார்ச் அடித்தால் பக்கவாட்டில் நீலம், எதிர்ப்பக்கம் அந்திச் சிவப்பு. சோப்புக் குமிழியின் உச்சி வெடிப்பதற்குச் சற்று முன் கறுத்துப் போவது. மயில்கழுத்துப் புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது. இதெல்லாம் நேரமிருந்தால் தனியாகப் பேசலாம்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேர் வேண்டாம். இரண்டாம் வகுப்பு, ஏழு வயது. அப்பா ஒரு சாயப்பட்டறையில் மெஷின் ஓட்டுகிறார். துணி பிட்டுகளைத் தரையில் கொட்டி, "ஒரே கலர் எல்லாம் ஒன்னாக் குமிச்சு வைங்க" என்பது விளையாட்டு. இந்தப் பையன் படு வேகம், முதலில் முடித்துவிட்டான். ஆனால் ஒரு குவியலில் பாசிப் பச்சையும் காப்பிக் கலரும் கலந்து கிடந்தன. இன்னொன்றில் வெளிர் ரோஸும் சாம்பலும். "நல்லாப் பாரு சாமி" என்றேன். பார்த்தான். "எல்லாம் கரெக்டா இருக்குது சார்" என்றான். அவன் விளையாடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

டீச்சரிடம் அவனுடைய டிராயிங் நோட்டைக் கேட்டேன். மரம், காப்பிக் கலர் இலை. கிளி, காப்பிக் கலர். பக்கத்தில் சிவப்பு மையில் "கவனம் இல்லை" என்று இரண்டு மூன்று இடத்தில் இருந்தது. நோட்டின் முதல் பக்கங்களில் மட்டும் இலைகள் பச்சையாகவே இருந்தன. அது எப்படி? கிரேயான் புதிதாக இருந்தபோது அதைச் சுற்றிய தாளில் பச்சை என்று பேர் அச்சிட்டிருந்தது. பையன் எழுத்துக் கூட்டிப் படித்து எடுத்திருக்கிறான். தாள் கிழிந்து போன பிறகு இலை காப்பிக் கலராகிவிட்டது. யாருக்கும் சொல்லாமல், தனக்கே தெரியாமல், ஏழு வயதுப் பிள்ளை ஒரு வருஷமாகச் சமாளித்துக்கொண்டு வந்திருக்கிறது.

பெற்றோரைக் கண் டாக்டரிடம் போகச் சொன்னோம். இஷிஹாரா என்ற ஜப்பானிய மருத்துவர் 1917-இல் வெளியிட்ட புள்ளிப் படங்கள் இன்றைக்கும் அந்தப் பரிசோதனைக்குப் பயன்படுகின்றன. சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு என்று உறுதியாயிற்று. பிறவியில் வருவது. பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு, தாய் வழியாக. இதைக் கேட்டதும் அந்த அம்மா சொன்னாராம்: "எங்கப்பாவும் தக்காளி வாங்கினா பழமா காயான்னு எங்களைத்தானுங்க கேப்பாரு. கண்ணு மங்கல்னு நெனச்சோம்." தாத்தா அறுபது வருஷம் அப்படியே ஓட்டிவிட்டார். இதற்கு மருந்து இல்லை. பார்வைக்கோ படிப்புக்கோ பங்கமும் இல்லை. அணுக் கொள்கை தந்த ஜான் டால்டனுக்கு இதே குறை இருந்தது, 1794-இல் அதைப் பற்றி அவரே ஓர் உரை நிகழ்த்தினார். ரயில் ஓட்டுநர் வேலை, என் லைட் பாக்ஸ் வேலை போன்ற சில வேலைகள் மட்டும் அவனுக்குச் சரிப்படாது. அதைப் பதினெட்டு வயதில் மெடிக்கல் டெஸ்டில் தெரிந்துகொண்டு உடைந்து போவதைவிட, ஏழு வயதில் தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

டீச்சர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "எத்தனை தடவை திட்டியிருக்கேன் சார்" என்றார். அவர்மேல் என்ன குற்றம்? நாற்பது பிள்ளைகள், ஒரு டீச்சர், பார்த்த உடனே தெரியாத ஒரு குறை. இப்போது அவர் வகுப்பில் எல்லா கிரேயானிலும் செலோ டேப் போட்டு நிறத்தின் பெயர் ஒட்டியிருக்கிறது. எல்லோருடையதிலும், அவனுடையதில் மட்டுமல்ல. இது அவரே யோசித்துச் செய்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை அறையைச் சாத்தி, சிவப்பு பல்பு ஒன்றை மட்டும் எரியவிட்டு, அதே துணி பிட்டுகளைப் பிரிக்கச் சொன்னேன். சிவப்பு வெளிச்சத்தில் யாருக்கு நிறம் தெரியும்? வெளுப்பு, கறுப்பு என்றுதான் எல்லாம் தெரியும். எல்லோருடைய குவியலும் தாறுமாறு. வெள்ளை விளக்கைப் போட்டதும் ஒருவர் குவியலைப் பார்த்து ஒருவர் உருண்டு சிரித்தார்கள். அந்தப் பையனும் சிரித்தான். அவனுக்கு அன்று நாலாவது இடம்.

இனி நம் சங்க விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரிக்குப் பின்புறம் உள்ள தொடக்கப் பள்ளிக்கு இந்த ஆண்டு ஏதாவது செய்ய வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். பெரிய தொடுதிரைப் பலகை வாங்கலாம் என்பது பட்டியலில் முதலில் இருக்கிறது. அண்ணன்மார்கள் பெரிய மனது பண்ணி இதை மறுபடி யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பலகை கெட்டது என்று சொல்ல வரவில்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு எவ்வளவோ காட்டலாம். ஆனால் திரையில் வரும் வானவில்லில் எப்போதும் ஏழு நிறம் இருக்கும், எப்போதும் வரிசையாக இருக்கும். அதற்குள் கையை விட முடியாது, பொத்திப் பார்க்க முடியாது. திரையில் சுற்றுகிற பம்பரம் கட்டாயம் பால் வெள்ளையாகத்தான் தெரியும், ஏனென்றால் அப்படித் தெரியும்படி ஒருவர் வரைந்திருப்பார். காப்பிக் கலர் இலை போட்ட பையனை எந்தத் திரையும் கண்டுபிடித்திருக்காது. அவன் கையில் துணி பிட்டுக் கிடைத்ததால்தான் வெளியே வந்தது.

அரசு 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம் நல்ல திட்டம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கையால் செய்து பார்க்கும் அறிவியல். பெயரிலேயே வானவில். அதற்குக் கீழே, ஒன்றாம் இரண்டாம் வகுப்பு, அங்கன்வாடி, அந்த இடத்தில்தான் நம்மால் ஏதாவது செய்ய முடியும். எனக்கு வேண்டியது ஓர் அறைக்குத் தடித்த கறுப்புத் திரை, நான் சொன்னது போல இரண்டு தகரப் பெட்டி, மாதம் இரண்டு சனிக்கிழமைக்குப் பத்து ஆள். பணத்தைவிட ஆள்தான் முக்கியம். மாணவத் தம்பி தங்கைகள் வரலாம். இஞ்சினியரிங் தெரிய வேண்டியதில்லை, சொல்லப் போனால் மறந்துவிட்டு வந்தால் நல்லது. விடையை வாயில் அடக்கிக்கொள்ளத் தெரிந்தால் போதும், அது நம்மவர்களுக்குக் கொஞ்சம் சிரமம். பள்ளி ஆசிரியைகள் கட்டாயம் கூட இருக்க வேண்டும். நாம் போய் வித்தை காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வருவதாக இருந்தால் அது நாலு மாதத்தில் நின்றுவிடும். பெட்டி அவர்கள் பீரோவில், அவர்கள் சாவியில் இருக்க வேண்டும்.

"விளையாட்டெல்லாம் சரி தம்பி, போர்ஷன் யார் முடிப்பது?" என்று நம் பேராசிரியர் ஒருவர் காலையிலேயே கேட்டுவிட்டார். 1921-இல் சர் சி.வி. ராமன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்புகையில் மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார். வானத்தின் நீலம்தான் தண்ணீரில் பிரதிபலிக்கிறது என்று ராலே என்ற பெரிய விஞ்ஞானி சொல்லி, எல்லோரும் ஏற்றிருந்த காலம். ராமன் பையில் இருந்த சிறு நிக்கோல் பட்டகத்தை எடுத்து, அந்தப் பிரதிபலிப்பை அணைத்துவிட்டுப் பார்த்தார். கடல் அப்போதும் நீலமாகவே இருந்தது. அந்தக் கேள்வி 1928-இல் எங்கே போய் முடிந்தது என்பது போர்ஷனிலேயே இருக்கிறது. நம் ஒன்றியப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் ராமன் ஆவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஓட்டையைக் கையால் பொத்திப் பார்த்தாளே ஒருத்தி, அவள் செய்ததும் அதே வேலைதான்.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார். முடித்துவிடுகிறேன். பழைய டிராயிங் ஹாலுக்குப் பக்கத்து அறையைக் காலையிலிருந்து இருட்டாக்கி வைத்திருக்கிறேன். ஜன்னல் சார்ட்டில் ஓட்டை, எதிரே வேட்டி. வாசல் ஆலமரமும் முதல்வர் அவர்களின் காரும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கின்றன. மூலையில் மூன்று பல்பும் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் பத்துப் பத்துப் பேராக வாருங்கள், கண் பழக இரண்டு நிமிஷம் பொறுமையாக இருங்கள். சனிக்கிழமைக்குப் பேர் கொடுக்கிறவர்களுக்கு நோட்டு கதவருகில் இருக்கிறது. குழந்தைகளை அழைத்து வந்திருப்பவர்கள் அவர்களை முதலில் விடவும். பெரியவர்கள் யாரும் தயவுசெய்து அவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டாம்.